நூற்று நாற்பத்து மூன்று பேர்

கடிதம் நல்ல செய்தியோடுதான் வந்தது. அதனால்தான் அவள் அதை இரண்டாம் முறை நிதானமாகப் படித்தாள்.

அதிர்ச்சிக்கு ஆளான குழந்தைகளுக்காக அந்தந்தப் பகுதி மக்களே நடத்தும் இடங்களுக்குக் குழந்தைகள் நலத் துறை நிதி கொடுத்துவந்தது. சலவைக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைக்கும் ஒரு வருடமாக அதில் ஒரு சிறு துண்டு கிடைத்தது. அந்த அறையை நடத்துகிறவள் அவள். இப்போது வந்திருந்த கடிதம் அறையின் பணியை வாயாரப் புகழ்ந்துவிட்டு, அதை இரண்டாம் கட்டத்துக்கு உயர்த்தப்போவதாகச் சொன்னது. பெரிய கூடம், பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் இரண்டு பேர், மூன்று வருடத்துக்கு உறுதி. காரணம் கடைசிப் பத்தியில் இருந்தது. பயன்பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை நூற்று நாற்பத்து மூன்று. வியாழக்கிழமை ஓர் அதிகாரி நேரில் வந்து சரிபார்ப்பார்.

அறைக்கு வருவது முப்பத்தொரு குழந்தைகள். அங்கே இருந்த நாற்காலிகளே பதினெட்டுதான்.

அவள் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். திரும்ப வெளியே எடுத்தாள். பக்கத்து அறையில் அண்ணன் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் சங்கிலி பிடித்துவிட்டு ஓய்வு பெற்றவர். மாதா மாதம் துறையின் இணையதளத்தில் அறையின் விவரங்களை ஏற்றுவது அவர் பொறுப்பு.

"அண்ணா, நம்மகிட்ட எத்தன பிள்ளைங்க வருது?"

"நூத்தி நாப்பத்தி மூணு." யோசிக்கவே இல்லை.

"யாரு எண்ணினது?"

"வேற யாரு? நீ பதிவேட்டப் படம் எடுத்து அனுப்புற. நான் ஒவ்வொரு பேரா ஏத்துறேன். ஒரு பேரு விடல. ரெண்டு தடவ சரிபார்த்திருக்கேன்."

"அதுல ஒருத்தரையாவது நேர்ல பாத்திருக்கியா?"

"என் முட்டி இருக்கற லட்சணத்துக்கு அந்தப் படியில ஏறணுமா?"

அவள் அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். சிங்கம். மேகம். லாரி. சும்மா. மூணாம் மாடி. நாளைக்கு வரமாட்டேன்.

"நாளைக்கு வரமாட்டேன்னு ஒரு பேரா?"

"எனக்கும் இடிச்சுது. ஆனா பதினோரு நாள் வந்திருக்கு. இந்தக் காலத்துல என்னென்னமோ பேரு வைக்கிறாங்க, நமக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"சிங்கத்துக்கு நேரா ஆண்னு போட்டிருக்க."

"பிடரி இருக்குமேன்னு போட்டேன்."

"அது ஒரு பொண்ணு."

அண்ணன் மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்ததும் அவள் சொன்னாள். அறை வாசலில் பதிவேடு திறந்தே இருக்கும். உள்ளே வருகிற குழந்தை அன்றைக்கு எந்தப் பெயரில் இருக்க நினைக்கிறதோ அந்தப் பெயரை எழுதலாம். மறுநாள் வேறு பெயர். யாரும் கேட்க மாட்டார்கள். எழுதின பெயராலேயே அன்று முழுக்கக் கூப்பிடுவார்கள்.

அண்ணன் முகம் சுண்டிப்போனது.

"இத நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே."

சொல்லவில்லைதான். அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளைக்கு இருபது வாக்கியம் பேசினால் அதிகம். மனைவியை இழந்த அண்ணனோடு அவள் வந்து தங்கி ஆறு வருடம் ஆகிறது. பேசாமல் இருப்பது இருவருக்கும் ஒத்துப்போனதால், பேசியிருக்க வேண்டிய ஒன்றும் அதோடு சேர்ந்து போய்விட்டது. படிவத்தில் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். படித்துப் பார்க்காமல் போட்டாள். அளவு விஷயத்தில் அண்ணன் தப்பு செய்ததே கிடையாது.

"அப்ப நான் எழுதினது பொய்யா?" என்றார் அண்ணன். "முப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு எல்லைக் கல்ல நான் நகர்த்தி வெச்சதில்ல."

"பொய் இல்ல. தப்பு."

"கவர்மெண்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான்." அவர் கணினியை அணைத்துவிட்டு எழுந்து போனார்.

*

அவளை எல்லோரும் ஆபரேட்டர் என்பார்கள். குழந்தைகள் ஆபரேட்டர் அத்தை என்றார்கள். ஆம்புலன்சுக்கு வரும் அழைப்புகளை எடுக்கும் அறையில் இருபத்திரண்டு வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். பின்தெருத் தொழிற்சாலையில் கொதிகலன் வெடித்துப் பக்கத்துக் குடியிருப்பின் பாதி இடிந்து விழுந்த அன்றும் அவளுக்குப் பணி இருந்தது. அன்று அவள் எடுத்த அழைப்புகளில் ஏழு, குழந்தைகள் பேசியவை.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. பேசுகிறவர் பெயரைக் கேட்க வேண்டும். திரையில் பதிவாகும்வரை கேட்க வேண்டும். ஒரு சிறுமியிடம் அவள் மூன்று முறை பெயர் கேட்டாள். அன்று எல்லா இணைப்பும் திணறிக்கொண்டிருந்ததால் பெயர் பதிவாகவே இல்லை. முதல் முறை சிறுமி தன் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். இரண்டாம் முறை மெதுவாக. மூன்றாம் முறை, அது தன் பெயர்தானா என்று சந்தேகப்படுகிறவளைப் போல. சிறுமியின் அம்மா பக்கத்திலேயே கிடந்ததும், அதற்குள் இறந்துவிட்டதும் பிறகுதான் தெரிந்தது.

நான்கு மாதம் கழித்து அவள் ஓய்வு பெற்றாள். அந்தக் குடியிருப்பின் குழந்தைகள் அதற்குள் போலீசிடம், மருத்துவரிடம், நிவாரண அலுவலகத்தில், பள்ளியில், செய்தியாளர்களிடம் தங்கள் பெயரையும் நடந்ததையும் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தார்கள். சலவைக் கடைக்காரர் மேலே ஓர் அறை சும்மா கிடக்கிறது என்றார். முதல் நாள் வந்த குழந்தையிடம் அவள் பழக்கதோஷத்தில் பேர் என்ன என்று கேட்டபோது அது, "மறுபடியுமா?" என்றது. அன்றிலிருந்து பதிவேடு வாசலுக்குப் போய்விட்டது.

அந்த மூன்று முறை பெயர் சொன்ன சிறுமியும் அறைக்கு வருகிறவர்களில் ஒருத்திதான். குரலை வைத்து அவள் கண்டுபிடித்துவிட்டாள். சிறுமிக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் கோடு போட்ட பெரிய தாளோடு வந்து உட்கார்ந்தார். இரவு சரியாகத் தூங்கவில்லை என்று கண் சொன்னது.

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். எந்தப் பேரு எந்தப் பிள்ளைன்னு மட்டும் சொல்லு. ஒரு மணி நேரத்துல அட்டவணை போட்டுடறேன். முப்பத்தொண்ணு பிள்ளை, நூத்தி நாப்பத்தி மூணு பேரு. அதிகாரி கையில குடுத்தா விஷயம் முடிஞ்சுது."

அவளால் முடியும். கையெழுத்தை வைத்தே சொல்ல முடியும். பேனாவை அழுத்துகிறவன் யார், எழுத்துக்குத் தொப்பி போடுகிறவள் யார், பெயரை எழுதிவிட்டு அடித்து மறுபடி எழுதுகிறவள் யார் என்று எல்லாம் தெரியும். அவள் தாளை இழுத்து முதல் கட்டத்தில் 'லாரி' என்று எழுதினாள். எதிரே அந்தப் பையனின் பெயரையும் எழுதினாள். லாரி ஓட்டின அப்பாவின் பிள்ளை. அடுத்தது 'மூணாம் மாடி'. யார் மூன்றாம் மாடியில் இருந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். அதற்கடுத்தது, ஒரு குழந்தை ஒன்பது நாள் தொடர்ந்து எழுதிய, செத்துப்போன தன் தம்பியின் பெயர். அந்த ஒன்பது நாளும் அறையில் எல்லோரும் அக்குழந்தையை அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார்கள்.

அவள் பேனாவை மூடினாள்.

"என்னாச்சு?"

"அந்தப் பேருங்கதான் அதுங்க மனசு விட்டு நம்மகிட்ட சொன்னதே. இதுல வரிசையா எழுதிக் குடுத்தா காட்டிக்குடுத்த மாதிரி."

"துறையில பூட்டி வெச்சிருப்பாங்கம்மா. யாரு பாக்கப் போறா?"

"நிவாரண ஆபீசுலயும் அப்படித்தான் சொன்னாங்க. மறுவாரம் பேப்பர்ல வந்துச்சு."

அவள் இரண்டு வரி எழுதிய தாளை நான்காகக் கிழித்தபோது, அண்ணன் நல்ல தாள் வீணாகிறதே என்பதைப் போல ஒரு முறை பார்த்தார்.

*

வியாழக்கிழமை மூன்றரைக்கு அதிகாரி வந்தார். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. படியேறி வந்ததும் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கீழ ட்ரையர் ஓடுதா? அறை கதகதன்னு இருக்கு," என்றார்.

"குளிர்காலத்துல நல்லாருக்கும். வெயில் காலத்துல உயிர் போகும்."

அவள் எதையும் மறைக்கவில்லை. குழந்தைகள் வருவதற்கு முன்பே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முப்பத்தொன்று, நூற்று நாற்பத்து மூன்று, பதிவேடு, அண்ணன், தன் கையெழுத்து. அதிகாரி கைக்கணினியில் குறித்துக்கொண்டே கேட்டார். முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. சிங்கம் கதை வந்தபோது மட்டும் கைக்குட்டை கொஞ்ச நேரம் அதிகமாக வாயருகே இருந்தது.

நான்கு மணிக்குக் குழந்தைகள் வந்தார்கள். அதிகாரி மூலையில் உட்கார்ந்து எண்ணினார். இருபத்தாறு. ஒருத்தி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க பேரு எழுதலியே."

"நான் சும்மா பாக்க வந்தேன்."

"சும்மாங்கிறது ஏற்கெனவே ஒருத்தன் வெச்சிருக்கான். வேற எழுதுங்க."

அதிகாரி ஆபரேட்டரைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். அதிகாரி எழுந்து வாசலுக்குப் போய், பதிவேட்டில் 'ஜலதோஷம்' என்று எழுதிவிட்டு வந்தார். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம், ஜலதோஷம் தள்ளி உட்காரு, ஜலதோஷம் அந்தக் கத்தரிக்கோலை எடு என்று அறை அவரை வேலை வாங்கியது. யாரும் நடந்ததைப் பற்றிப் பேசவில்லை. வெட்டினார்கள், ஒட்டினார்கள், இரண்டு பேர் சண்டை போட்டார்கள், ஒருவன் மேசைக்கடியில் படுத்துத் தூங்கினான். ஒரு சிறுமி முழு நேரமும் சுவரில் கையை வைத்துக் கீழே ஓடும் இயந்திரத்தின் அதிர்வைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு அதிகாரி நாற்காலிகளை அடுக்க உதவினார். பிறகு சொன்னார்.

"மேடம், நேராவே சொல்லிடறேன். இரண்டாம் கட்டத்துக்குக் குறைஞ்சது நூறு பிள்ளைங்க வேணும். அது போச்சு."

"தெரியும்."

"முதல் கட்டத்துக்கு இருபத்தஞ்சு போதும். உங்ககிட்ட அதுக்கு மேலயே இருக்கு. ஆனா ஒவ்வொரு பிள்ளையும் வருஷத்துல அறுபது நாளாவது வந்திருக்கணும். முன்னேற்றம் இருக்குன்னும் காட்டணும். பேர் இல்லாம அத எப்படிக் காட்டுவீங்க? பட்டியல் குடுத்தா, எழுத்துப் பிழைன்னு ஒரே வரியில முடிச்சுட்டு இந்த அறைய நீட்டிக்கச் சொல்லிடுவேன். குடுக்கலன்னா, இல்லாத நூத்திப் பன்னெண்டு பிள்ளைங்கள இருக்குன்னு எழுதினதா ஆகும். அறைய மூட வேண்டி வரும். கையெழுத்து உங்களோடது, அதனால உங்க மேல விசாரணையும் வரும்."

"பட்டியல் குடுக்க மாட்டேன்."

"ஏன்னு கேக்கலாமா?"

அவள் யோசித்தாள். அவளுக்கு நீளமாக விளக்க வராது. "நான் ரொம்ப நாள் பேர் கேக்கற வேலை பாத்தேன்," என்றாள்.

அதிகாரி கைக்கணினியைப் பைக்குள் வைத்தார்.

"நாளைக்கு நாலு மணிக்குக் கிளம்பறேன்," என்றார். "அதுவரைக்கும் யோசிங்க."

*

வெள்ளிக்கிழமை காலை அவள் எழுந்தபோது அண்ணன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மேசை முழுக்கத் தாள். ஒரு பெரிய வரைபடத் தாளில் மாதங்களைக் கீழே குறித்து, புள்ளி வைத்துக் கோடு இழுத்திருந்தார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"உக்காரு. ஒண்ணு சொல்லணும். நிலைமை நெனச்சதவிட மோசம்."

"இதுக்கு மேல என்ன?"

"பிள்ளைங்க மாசா மாசம் குறைஞ்சுக்கிட்டே வருது. முத மாசம் அறுபத்தியொரு பேரு இருந்துச்சு பதிவேட்டுல. மூணாவது மாசம் அம்பத்தி நாலு. ஆறாவது மாசம் நாப்பத்தி ஏழு. போன மாசம் முப்பத்தி மூணு. இந்தச் சரிவ அந்தம்மா கண்டுபிடிச்சா, உன்னக் கேள்வி கேட்டே கொன்னுடுவாங்க. அதுக்கு முன்னாடி நாம ஒரு பதில் தயார் பண்ணிக்கணும்."

அவள் கோட்டைப் பார்த்தாள். இடது ஓரத்தில் உயரத்தில் தொடங்கி, வலது ஓரம்வரை சீராக இறங்கிவந்தது. அண்ணனின் கோடு எப்போதும் போல நூல் பிடித்த மாதிரி இருந்தது.

"தலை எத்தன?"

"என்ன தலை?"

"ஒரு நாளைக்கு எத்தன வரி எழுதியிருக்கு? பேர விடு. வரிய எண்ணு."

அவர் படங்களைப் புரட்டினார். உதடு அசைய எண்ணினார். முதல் மாதம் ஒரு நாளைக்கு இருபத்தைந்து, இருபத்தாறு. ஆறாவது மாதமும் அதே. போன மாதமும் அதே. எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். புரியவில்லை.

"ஆளு அப்படியே இருக்கு. பேரு மட்டும் குறையுது."

"ஆமா."

"அதெப்படி?"

ஒரு வருடமாக அந்த அறையில் தினமும் இருந்தவளுக்கே அது இப்படித் தெரிந்ததில்லை. ஒவ்வொரு குழந்தையாகத் தெரியும். இவன் லாரியை விட்டுவிட்டான், இவள் ஒரு மாதமாகச் சிங்கமாகவே இருக்கிறாள் என்று தனித்தனியாகத் தெரியும். மொத்தமாகச் சேர்ந்து ஒரு கோடாக இறங்கிவருகிறது என்று தெரியாது. மேலே ஏறாத முட்டியோடு வீட்டில் உட்கார்ந்து, ஒரு பெயரையும் விடாமல் எழுதிய மனிதர்தான் அதை வரைய முடிந்தது.

"ஒரு பேருல நிக்க ஆரம்பிச்சிருக்காங்க," என்றாள்.

அண்ணன் அளவுகோலை எடுத்து, ஓரத்தில் சற்று மங்கியிருந்த இடத்தில் மீண்டும் ஒரு முறை அழுத்தி இழுத்தார்.

*

அதிகாரி வரைபடத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார். அவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். கீழே இயந்திரம் நின்று, மீண்டும் ஓடத் தொடங்கியது.

"இதுல எந்தப் பிள்ளையோட பேரும் இல்ல," என்றார் அதிகாரி.

"இல்ல."

"பிள்ளைங்க முப்பத்தொண்ணு. கடைசி மாசம் பேரு முப்பத்தி மூணு. எல்லாரும் நின்னுட்டாங்கன்னா முப்பத்தொண்ணுதான வரணும்?"

"முப்பது பேர் நின்னுட்டாங்க. ஒருத்தருக்கு மட்டும் இன்னும் மூணு பேரு இருக்கு. முன்னாடி மாசத்துக்குப் பத்து."

யார் என்று அதிகாரி கேட்கப்போனார். வாய் திறந்ததும் மூடிக்கொண்டார். கைக்கணினியை எடுத்து நெடுநேரம் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"இதுக்கு இங்க இடமே இல்ல மேடம். எண்ணிக்கை ஏறினா பச்சை, இறங்கினா சிவப்பு. அவ்வளவுதான் இருக்கு. குறிப்புன்னு கீழ ஒரு பெட்டி இருக்கு. முந்நூறு எழுத்து."

"எழுதுங்க."

"எழுதறேன். படிப்பாங்களான்னு சொல்ல முடியாது."

அவர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். அழித்து அழித்து எழுதினார். மூன்று முறை எழுத்துகளை எண்ணினார். படிக்கிறேன், கேளுங்கள் என்றார். மோசடி அல்ல, பதிவு முறையால் வந்த பிழை. வருகை நிலையாக உள்ளது. பெயர்களின் எண்ணிக்கை குறைந்துவருவதே முன்னேற்றம். பட்டியல் கேட்பது குழந்தைகளுக்குத் தீங்கு. அவள் தலையசைத்தாள்.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. விசாரணை தேவையில்லை. இரண்டாம் கட்டம் ரத்து. முதல் கட்ட நிதி ஒரு வருடத்துக்குப் பதில் ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டிக்கப்படுகிறது. காரணம்: பயனாளிகளின் எண்ணிக்கை தொடர்ந்து சரிந்துவருவது.

அண்ணன் அதை வாங்கிப் படித்துவிட்டு, "என் கோட்ட வெச்சே அடிச்சுட்டானுங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அளவு சரி, அதைப் படித்தவன்தான் தலைகீழாகப் பிடித்துவிட்டான் என்கிற தொனிதான் இருந்தது. அன்று மாலை அவர் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக நின்று நின்று மேலே ஏறிவந்தார். வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், மூச்சு வாங்கியபடி, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் பென்சில் சீவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மூன்றரை மணிக்கு, அறையைத் திறக்கும்போது தொலைபேசி அடித்தது. அதிகாரி.

"கடிதம் வந்துச்சா மேடம்?"

"வந்துச்சு."

"நான் எழுதினதுல குறையுதுங்கறத மட்டும் படிச்சுட்டாங்க. அதுதான் முன்னேற்றம்னு எழுதினத ஒருத்தரும் கண்டுக்கல."

"ஆறு மாசம் இருக்கு," என்றாள் அவள். "அது முடியறதுக்குள்ள நிதி குடுக்கற கமிட்டி கூடுமா?"

"நாலு மாசத்துல ஒரு கூட்டம் இருக்கு."

"நீங்க அங்க இருப்பீங்களா?"

"பின்னாடி உக்காந்திருப்பேன். எங்கள மாதிரி ஆளுங்க கேட்டாத்தான் பேசணும்."

"கேக்கலன்னா?"

மறுமுனையில் சத்தமில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. இருபத்திரண்டு வருடம் அந்த வேலையில் அவள் ஒரு முறைகூட முதலில் தொடர்பைத் துண்டித்ததில்லை. மூச்சு விடுவது கேட்டது. ஏதோ ஓர் அலுவலகத்தில் நாற்காலி இழுபடுவது கேட்டது.

"கேக்கலன்னாலும் எழுந்து பேசறேன்," என்றார் அதிகாரி. "அந்த வரைபடத்த எனக்கு மறுபடி அனுப்புங்க. பெரிசா. பின் வரிசையில இருக்கறவங்களுக்கும் தெரியற மாதிரி."

"அண்ணன்கிட்ட சொல்றேன்."

அதற்கப்புறம் இருவரும் பேசவில்லை. இருவரும் வைக்கவும் இல்லை. படியில் காலடிச் சத்தம் கேட்கத் தொடங்கியபோது, அவள் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே, இன்னொரு கையால் பதிவேட்டை வாசலுக்கு எடுத்துப்போய்த் திறந்து வைத்தாள்.